உயர்ந்த லாரி, தாழ்ந்த பாலம், நடுவில் இருசக்கர வாகனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பேச்சுவழக்கில் தாழ்ந்த பாலம் என்றவுடன் ஆற்றின் குறுக்கே கிடக்கும் தரைப்பாலம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது அதுவன்று. தலைக்கு மேலே செல்லும் ரயில்வே பாலங்கள், அவற்றின் அடியில் செல்லும் சுரங்கப்பாதைகள், பழைய செங்கல் வளைவுகள் ஆகியவற்றின் கீழே, உயரமான சரக்கு வாகனங்களுக்குப் பின்னாலோ பக்கத்திலோ எதிரிலோ செல்ல நேரும் பைக், ஸ்கூட்டர் ஓட்டிகளுக்கான பதில்கள் இவை.

பைக்கில் உட்கார்ந்திருக்கும் என் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பாலத்தின் உயரத்தைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

உங்கள் தலை பாலத்தில் இடிக்காது என்பது உண்மை. அந்த உண்மையே நம்மில் பெரும்பாலோரை அசட்டையாக்குகிறது. சுரங்கப்பாதையின் முகப்பில் சிவப்பு வட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் உயர அளவை லாரி ஓட்டுநருக்கான செய்தி என்று ஒதுக்கிவிட்டு, பள்ளத்தையும் எதிர்வரும் ஆட்டோவையும் பார்த்தபடி உள்ளே நுழைகிறோம். ஆனால் முன்னால் செல்லும் லாரி அந்த அளவை மீறினால் அடுத்த நொடியில் என்ன நடக்கும் என்பதில் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர் அதன் பின்னால் இருக்கும் இருசக்கர வாகன ஓட்டியே. லாரி ஓட்டுநரைச் சுற்றி ஒரு கேபின் இருக்கிறது; உங்களைச் சுற்றி எதுவும் இல்லை. எனவே உங்களுக்காக எழுதப்படாத அந்தப் பலகையை நீங்களும் படித்தாக வேண்டும், அதுவும் முன்னால் செல்லும் வண்டிக்காகப் படித்தாக வேண்டும் என்பதே இந்தப் பதில்கள் அனைத்துக்கும் அடிப்படை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நெருக்கமாகப் பின்தொடர்ந்தால், அந்தப் பலகையை உங்கள் கண்ணிலிருந்து மறைப்பதே அந்த லாரிதான். பாலம் வருகிறது என்பதைப் பாலத்தின் நிழல் தலையில் விழும்போதுதான் அறிந்துகொள்கிறோம்.

லாரி பாலத்தில் மோதினால் சரியாக என்ன நடக்கும்? பிரேக் அடித்து நிற்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

முதல் வேறுபாடு, பிரேக் விளக்கு எரியாது. ஓட்டுநர் பிரேக் அடிக்கும்போது சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டியின் பின்பகுதி சற்று எழும்புகிறது, வேகம் படிப்படியாகக் குறைகிறது. இவற்றையெல்லாம் நம் கண்ணும் கையும் பழகிவைத்திருக்கின்றன. லாரியின் சரக்குக் கூண்டின் மேல்விளிம்பு பாலத்தின் எஃகு உத்தரத்தில் மோதும்போது அந்த முன்னறிவிப்புகள் எதுவும் இருப்பதில்லை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருந்த வண்டி, ஓரிரு மீட்டருக்குள் நின்றுவிடக்கூடும்.

இரண்டாவது, சரக்கு. கூண்டு பின்னோக்கி உரிந்து, உள்ளே இருப்பது சாலையில் கொட்டலாம். கயிற்றால் கட்டிய பாரமாக இருந்தால், மேலடுக்கு மட்டும் உத்தரத்தில் சிக்கி, லாரி கீழே நழுவிச் செல்ல, மூட்டைகள் பின்னால் வருபவர் மீது விழும். டிரெய்லரின் மீது சரியாகப் பூட்டப்படாத கன்டெய்னர், முன்விளிம்பில் அடிபட்டதும் பின்பக்கம் சரியக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் ரயில்வே கீழ்ப்பாலத்துக்குள் வைக்கோல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் நான் நுழைந்தபோது நடந்தது மோதல்கூட அன்று, உரசல்தான். உத்தரத்தின் அடிப்பகுதியில் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. கட்டியிருந்த கயிறு ஒன்று அறுந்து சாட்டை போல என் முகத்துக்கு ஓர் அடி முன்னால் வீசியது. அடுத்து இரண்டு கட்டுகள் உருண்டு விழுந்தன. தூசியில் கண் தெரியவில்லை. லாரி நிற்கவே இல்லை. ஓட்டுநருக்கு அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. நான் பிழைத்ததற்குத் திறமை காரணமன்று. முன்னதாக ஒரு நாய் குறுக்கே வந்ததால் பின்தங்கியிருந்தேன், அவ்வளவே.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? முன்வண்டி கடந்த இடத்தை நாம் இரண்டு நொடி கழித்தே கடக்க வேண்டும் என்ற இரண்டு நொடி விதி போதாதா?

திறந்த சாலையில் போதும். தாழ்ந்த பாலத்தை நெருங்கும்போது போதாது. கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நீங்கள் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறீர்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு நொடி போய்விடும். அதன்பின் உலர்ந்த சாலையில், நல்ல டயரோடு, பதறாமல் பிரேக் பிடித்தால் இன்னும் 10 மீட்டர் அளவில் நிற்கலாம். ஆக மொத்தம் 20 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு நொடி இடைவெளி என்பது இந்த வேகத்தில் 22 மீட்டர். அதாவது முன்னால் செல்வது சுவரைப் போல நின்றுவிட்டால், இரண்டு நொடி இடைவெளி உங்களை அதன் பின்பலகைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தும். சாலை ஈரமாக இருந்தால் அதுவும் இல்லை.

வழக்கமாக இரண்டு நொடி போதுமானதாக இருப்பது, முன்னால் செல்லும் வண்டியும் நிற்பதற்குச் சில மீட்டர் எடுத்துக்கொள்வதால்தான். பாலத்தில் மோதும் வண்டி அந்தச் சலுகையைத் தருவதில்லை. பாலம் கண்ணில் பட்டதும் இடைவெளியை நான்கு நொடியாக்கிக்கொள்ளுங்கள். அதைவிட எளிய வழி, உயரமான வண்டி பாலத்தை முழுதாகக் கடந்து மறுபக்கம் ஏறும் வரை நுழைவிலேயே வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

எந்தெந்த வண்டிகளைக் கண்டால் கூடுதலாக எச்சரிக்கை வேண்டும்?

எல்லா உயரமான வண்டிகளும் ஒரே மாதிரி ஆபத்தானவை அல்ல. தினமும் அதே தடத்தில் செல்லும் அரசுப் பேருந்தோ உள்ளூர்த் தண்ணீர் லாரியோ பாலத்தில் இடிப்பது அரிது. அந்த ஓட்டுநருக்கு வழி மனப்பாடம். கவனிக்க வேண்டியவை வேறு.

முதலில் கன்டெய்னர் டிரெய்லர்கள். சென்னைத் துறைமுகம், எண்ணூர், தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்து புறப்படும் கன்டெய்னர்களில் இரண்டு உயரங்கள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. வழக்கமான கன்டெய்னரின் உயரம் எட்டரை அடி, அதாவது 2.59 மீட்டர். உயர வகைக் கன்டெய்னர் ஒன்பதரை அடி, அதாவது 2.90 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒன்று 4.1 மீட்டரில் முடிகிறது, மற்றொன்று 4.4 மீட்டரில் முடிகிறது. நேற்று அதே டிரெய்லரை அதே பாலத்துக்கடியில் ஓட்டிச் சென்றவர் இன்று அந்த ஓர் அடியில் மாட்டிக்கொள்கிறார். உயர வகைக் கன்டெய்னரின் மேல்மூலைகளில் பெரும்பாலும் மஞ்சள் கறுப்புப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கண்டால் விலகியிருங்கள்.

அடுத்து டிப்பர். மண்ணையோ ஜல்லியையோ கொட்டிவிட்டுப் பெட்டியை முழுவதும் இறக்காமலே கிளம்பிவிடும் டிப்பர்கள், பாலத்தை மட்டுமின்றி மின்கம்பிகளையும் சாலையின் குறுக்கே நிற்கும் வழிகாட்டிப் பலகைகளையும் இழுத்து வீழ்த்துவதுண்டு. பெட்டி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது கேபினில் இருப்பவருக்குத் தெரிவதைவிடப் பின்னால் வரும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெட்டிக்கும் சேசிஸுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அது இறங்கவில்லை என்று பொருள்.

திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள், தாழ்தள டிரெய்லரில் ஏற்றிச் செல்லப்படும் பொக்லைன்கள், கார்களை இரண்டடுக்காக ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஆகியவற்றில் மிக உயர்ந்த பகுதி எதுவென்பது எளிதில் புலப்படாது. பொக்லைனின் மடக்கிய கையின் முழங்கைதான் பல நேரங்களில் முதலில் இடிக்கும்.

வைக்கோல், பஞ்சு மூட்டை, காலி அட்டைப்பெட்டி போன்ற எடை குறைந்த, இடம் அடைக்கும் சரக்குகளின் உயரத்தைத் தீர்மானிப்பவர் ஏற்றியவரே. 2020-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் சாதாரணச் சரக்கு வாகனத்துக்கு 4 மீட்டர் உயரத்தை வரம்பாக வைத்திருக்கின்றன. வைக்கோல் லாரிக்கு அது பொருட்டில்லை என்பதை அறுவடைக் காலத்தில் டெல்டா மாவட்டச் சாலைகளில் சென்றவர்கள் அறிவார்கள். சரக்கு பக்கவாட்டிலோ முன்பின்னோ உயரத்திலோ வரம்பை மீறி நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் 2019-இல் சேர்க்கப்பட்டது. பாரத்தின் உச்சியில் ஆட்கள் உட்கார்ந்து செல்வதைக் கண்டால், சட்டத்தைப் பற்றி யோசிக்காமல் பின்வாங்கிவிடுங்கள்.

பலகையில் 4.2 மீட்டர் என்றிருக்கிறது, லாரி 4 மீட்டர்தான். அப்படியென்றால் கவலை இல்லையே?

பெரும்பாலும் இல்லை, ஆனால் பலகையில் இருக்கும் எண் எழுதப்பட்ட நாளின் எண். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகச் சாலை போட்டால், ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 செ.மீ. உயரம் குறைகிறது. மூன்று முறை போட்டால் ஏறக்குறைய அரைச் சாண் குறைந்துவிடும். பலகையைத் திருத்தி எழுத எல்லா இடத்திலும் யாரும் வருவதில்லை.

இன்னொன்று, காலி லாரி நிறைந்த லாரியைவிட உயரமானது. சுமை இறங்கியதும் அடியில் இருக்கும் பட்டை ஸ்பிரிங்குகளும் டயர்களும் எழும்புவதால், கூண்டின் கூரை சில செ.மீ. மேலே போகும். போகும்போது நிறைசுமையோடு உரசாமல் கடந்த வண்டி, திரும்பி வரும்போது காலியாக வந்து இடிப்பது இதனால்தான்.

மூன்றாவது காரணத்தைச் சுரங்கப்பாதைக்குள் இறங்கும்போது கவனிக்கலாம். சாலை ஒரு கிண்ணத்தைப் போல இறங்கி ஏறுகிறது. நீளமான டிரெய்லரின் முன்சக்கரங்கள் எதிர்ச்சரிவில் ஏறத் தொடங்கும்போது பின்சக்கரங்கள் இன்னும் இந்தப் பக்கச் சரிவிலேயே இருக்கும். நடுப்பகுதி, கிண்ணத்தின் மேல் வைத்த பலகையைப் போல, அடித்தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். சமதரையில் 4.1 மீட்டராக இருந்த வண்டி, பாலத்துக்கு நேர் கீழே அதைவிட உயரமாகிவிடுகிறது. நீளமான வண்டி நுழையும்போது முன்பகுதி தாண்டிவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம், நடுவில் மாட்டக்கூடும்.

சந்தேகம் இருந்தால் உத்தரத்தின் அடிவிளிம்பைப் பாருங்கள். பலமுறை உரசல் வாங்கிய பாலத்தில் துருவின் நடுவே புதிய உலோகம் பளிச்சென்று தெரியும், கான்கிரீட் என்றால் மூலைகள் சிதைந்து கம்பி வெளியே தெரியும், வைக்கோல் துணுக்குகளும் தார்ப்பாய்க் கிழிசலும் தொங்கும். எந்தப் பலகையைவிடவும் அந்தத் தழும்புகள் நம்பத்தக்கவை.

பாலத்துக்கு முன்பே மஞ்சள் கறுப்பு வண்ணத்தில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறதே, அது லாரியைத் தடுத்துவிடாதா?

உயரத் தடுப்புச் சட்டம் பாலத்தைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது. ரயில் செல்லும் உத்தரத்தில் இடி விழுவதைவிட, அதற்கு முன்னால் நிற்கும் சட்டத்தில் விழுவது நல்லது என்பது ரயில்வேயின் நியாயமான கணக்கு. ஆனால் பின்னால் வரும் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்தில் மோதினாலும் லாரி அதே மாதிரி நின்றுவிடும். பலமுறை அடிபட்ட சட்டம் சில நேரம் பெயர்ந்து விழும், அல்லது ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படித் தொங்கும் இரும்பு, ஹெல்மெட் உயரத்தில் இருக்கக்கூடும் என்பதால், உயரத்தைப் பற்றி இருசக்கர வாகன ஓட்டி தன் தலைக்காகவே கவலைப்பட வேண்டிய ஒரே இடம் இது.

எச்சரிக்கை மட்டுமே போதாது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹாம் நகரில் இருக்கிறது. அங்குள்ள ரயில்வே பாலத்தின் கீழ் இடைவெளி முன்பு 11 அடி 8 அங்குலமாக, ஏறத்தாழ 3.56 மீட்டராக, இருந்தது. மஞ்சள் விளக்குகளும் பலகைகளும் இருந்தன. பின்னர் உயரத்தைக் கண்டறிந்து சிக்னலைச் சிவப்பாக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அருகில் வேலை பார்த்த ஒருவர் 2008 முதல் கேமரா வைத்துப் பதிவுசெய்ததில், நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் கூரையை இழந்தது பதிவாகியிருக்கிறது. 2019-இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதல்கள் நடந்தன. அந்தப் படப்பதிவுகளைச் சிரிப்பதற்காகப் பார்ப்பவர்களே அதிகம். ஒரு முறை, லாரிக்குப் பின்னால் என்ன விழுகிறது, எவ்வளவு தூரம் விழுகிறது என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

லாரி பாலத்துக்கு முன் நின்றுவிட்டது. ஓரத்தில் பைக் போகும் அளவுக்கு இடம் இருக்கிறது. போகலாமா?

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டுநருக்குச் சந்தேகம் வந்து வண்டியை நிறுத்துகிறார். கிளீனர் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்து, "வா, வா, வரட்டும்" என்று கையசைக்கிறார். அல்லது பின்பக்கம் ஓடிவந்து வண்டியைத் தட்டி, பின்னெடுக்கச் சொல்கிறார். இதற்குள் பத்துப் பைக்குகள் லாரியைச் சுற்றி, தண்ணீர் கல்லைச் சுற்றி ஓடுவது போல, இரு பக்கமும் நுழைந்துவிடும்.

இங்கே மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, உத்தரத்துக்கு ஓரிரு விரல்கடை இடைவெளியில் நகரும் லாரியின் ஓட்டுநர் கண்களை மேலேதான் வைத்திருப்பார்; கண்ணாடியில் உங்களைப் பார்க்க மாட்டார். கேபினின் இடப்பக்கக் கதவை ஒட்டிய பகுதியும், முன்பம்பருக்கு நேர் கீழேயும், பின்பலகைக்கு நேர் பின்னேயும் அவருக்கு எப்போதும் தெரியாத இடங்கள். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு, பின்னெடுக்கும் வண்டி. சுமையோடு சரிவில் நிற்கும் லாரி, கியர் மாறும் அந்த ஒரு கணத்தில் ஓரடி இரண்டடி உருள்வது இயல்பு. அதன் பின்னால் ஒட்டி நின்று, உங்களுக்குப் பின்னாலும் வண்டிகள் அடைத்துக்கொண்டால் தப்பிக்க இடமே இல்லை. பைக்குக்குப் பின்னெடுக்கும் கியரும் இல்லை. மூன்று, மாட்டிக்கொண்ட வண்டியை விடுவிக்கச் செய்யும் வேலை. டயரில் காற்றை இறக்கி உயரத்தைக் குறைப்பது வழக்கமான உத்தி. காற்று இறங்க இறங்க, சிக்கியிருந்த கூண்டோ கன்டெய்னரோ திடீரென விடுபட்டு ஒரு பக்கமாகச் சாயலாம்.

எனவே போகக் கூடாது. நுழைவுக்கு முன்பே, சரிவு தொடங்கும் இடத்துக்கு மேலே, லாரியின் நீளம் அளவுக்குத் தள்ளி, ஒரு பக்கமாக நின்று, வந்த வழியே திரும்பிச் செல்ல இடம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பின்னால் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

திரும்பும் டிரெய்லரின் இடப்பக்கம் காலி இடம் தெரிந்தால்?

அது காலி இடமன்று. டிரெய்லரின் பின்சக்கரங்கள் வரப்போகும் இடம். பாலத்தைத் தவிர்க்க இடப்பக்கச் சாலைக்குள் திரும்பும் நீண்ட வண்டி, முதலில் வலப்பக்கம் ஒதுங்கி இடம் எடுத்துக்கொள்ளும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. மூலையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வரும். பின்னால் நில்லுங்கள்.

வளைவுப் பாலங்களில் எதிரே வரும் லாரி ஏன் என் பாதிக்குள் வருகிறது?

வளைவின் உச்சி நடுவில் இருப்பதால். பழைய செங்கல் வளைவுகளில் நடுவில் நாலரை மீட்டர் இருக்கும் உயரம், ஓரங்களில் மூன்று மீட்டருக்கும் கீழே போகலாம். இடப்பக்கம் ஒட்டிச் செல்லும் லாரியின் மேல்மூலை வளைவில் இடிக்கும் என்பதால் ஓட்டுநர் வேண்டுமென்றே நடுக்கோட்டில் வருகிறார்; அவருக்கு வேறு வழியில்லை. எதிரே உயரமான வண்டி வருவது தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே நின்று வழிவிடுவதுதான் முறை. முகப்பு விளக்கை மின்னவைத்தால் அவர் நிற்பார் என்று எண்ண வேண்டாம். நம் சாலைகளில் விளக்கு மின்னுவதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்றே பொருள்.

மழை வந்தால் பாலத்தின் அடியில் ஒதுங்கி நிற்கிறோம். அதில் தவறுண்டா?

உண்டு. திடீர் மழையில் பாலத்துக்கடியில் வரிசையாக பைக்குகளை நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு நிற்பது நமக்குப் பழகிய காட்சி. ஏற்கெனவே குறுகலான பாதையில் இடப்பக்கத்தை இப்படி அடைத்தால், வரும் லாரி நடுவுக்கோ எதிர்ப்பக்கத்துக்கோ தள்ளப்படுகிறது. மழைத்திரையும் கண்ணாடியில் நீரும் இருக்க, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும் ஓட்டுநருக்கு, கறுப்பு மழைக்கோட்டோடு சுவரை ஒட்டி நிற்பவர் தெரியவே மாட்டார். கடை வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ ஒதுங்குங்கள்.

தேங்கிய நீர் தனிக் கதை. சென்னையில் கணேசபுரம் சுரங்கப்பாதை, கோயம்புத்தூரில் லங்கா கார்னர் பாலம் போன்றவை பெருமழையில் நீர் நிரம்பி மூடப்படுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. லாரி போய்விட்டதே என்று பின்தொடர்வது பெரும்பிழை. லாரியின் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய் உயரத்தில் இருக்கிறது, உங்கள் பைக்கின் புகைக்குழாய் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. அதற்கு மேல், லாரி கிளப்பும் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து பக்கவாட்டில் உங்களைத் தள்ளும்.

பாலத்துக்குள் நுழைந்ததும் ஒரு கணம் கண் தெரியாமல் போகிறதே?

உச்சிவெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் அப்படித்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட் என்றால் இன்னும் மோசம். நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கறுப்புக் கண்ணாடியை உயர்த்திவிடுங்கள். உள்ளே மழைநீர் வடிகாலின் இரும்புச் சட்டங்கள் சாலை நீளத்துக்கு இணையாக இருந்தால் டயர் சிக்கும். குறுக்காகக் கடக்கப் பாருங்கள்.

உயரமான வண்டியை முந்தும்போது பைக் ஆடுவது ஏன்?

பக்கக் காற்று அடிக்கும் சாலைகளில் நீங்கள் அறியாமலே காற்றடிக்கும் திசையை நோக்கிச் சற்றுச் சாய்ந்துதான் ஓட்டுகிறீர்கள். கன்டெய்னரின் மறைவுக்குள் வந்ததும் காற்று நின்றுவிடுகிறது. சாய்வு மட்டும் மிஞ்சுவதால் பைக் லாரியின் பக்கம் இழுக்கப்படுகிறது. கேபினைத் தாண்டியதும் காற்று மறுபடியும் முழு வேகத்தில் அடித்து வெளியே தள்ளுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் சுழலும் வேகத்தைப் பார்த்தாலே இது புரியும். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்திலும் அப்படியே. இத்தகைய இடங்களில் முந்துவதைத் தள்ளிப்போடுங்கள். முந்தியே ஆக வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டு விரைவாகக் கடந்துவிடுங்கள்.

இரவில் வேறு ஏதேனும் உண்டா?

தாழ்ந்த பாலத்தைக் கடக்க முடியாத வண்டிகள் அதற்கு முன்னால் சாலையோரத்தில் விடியும் வரை நிற்கும். பல வண்டிகளில் பின்விளக்கு எரியாது, பிரதிபலிப்புப் பட்டையைச் சேறு மூடியிருக்கும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசும் அந்த நேரத்தில், நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரின் பின்பலகை இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடுகிறது. லாரிகளின் பின்னால் தாழ்வாக ஓர் இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. கார் அடியில் புகாமல் தடுக்கவே அது. பைக்கில் வருபவரின் மார்பும் தலையும் அந்தத் தடுப்புக்கு மேலே இருக்கின்றன. உங்கள் விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் ஓட்டாதீர்கள்.

ஹெல்மெட்டும் ஏபிஎஸ்ஸும் இதில் உதவுமா?

உதவும். ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர முத்திரை பெற்ற ஹெல்மெட்டை வாரைப் பூட்டி அணிந்தால், சிதறி வரும் மரத்துண்டும் கல்லும் முகத்தைக் கிழிக்காது. அதற்கு முழுமுக வகையே வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. திடீர்ப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதை அது தடுக்கும், நிற்கும் தூரத்தை மாயமாகக் குறைத்துவிடாது.

கண்முன்னே ஒரு லாரி ரயில்வே பாலத்தில் மோதிவிட்டால் என்ன செய்வது?

முதலில் விலகுங்கள், மேலிருந்து விழ வேண்டியது எல்லாம் விழுந்து முடிந்திருக்காது. பின்னால் வருபவர்களைக் கையசைத்து நிறுத்துங்கள். அடிபட்டவர் இருந்தால் 108-ஐ அழையுங்கள். உதவிய காரணத்துக்காக உங்கள் மீது வழக்கு வராது என்பதற்கும், பெயர் விவரம் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்பதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

அடுத்து, பெரும்பாலோர் மறந்துவிடும் ஓர் அழைப்பு இருக்கிறது. கீழே மோதல் நடந்தது மேலே வரும் ரயிலின் ஓட்டுநருக்குத் தெரியாது. கனமான வண்டி மோதிய வேகத்தில் உத்தரம் சற்று நகர்ந்திருந்தால் தண்டவாளமும் நகர்ந்திருக்கும். எனவே 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்கோ 112-க்கோ அழைத்து, எந்த இரு நிலையங்களுக்கு இடையே, எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு மோதியது என்பதைச் சொல்லுங்கள். பாலத்தின் பக்கச்சுவரில் பெரும்பாலும் வெள்ளைப் பின்னணியில் கறுப்பில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். அது பாலத்தின் எண். அதைப் படித்துச் சொல்ல முடிந்தால், எந்த இடத்தில் ரயிலை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.